ராக்கெட்டில் எரியும் ஹைட்ரஜனும் சூரியனில் உள்ள ஹைட்ரஜனும்: விடுபடு வேகம் பற்றியும் ஓர் ஐயம்

இளமாறன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பதினோராம் வகுப்பில் இயற்பியல் படிக்கிறேன். ஈர்ப்பியல் பாடத்தில் விடுபடு வேகத்துக்கான, அதாவது எறியப்பட்ட பொருள் திரும்பி விழாமல் ஈர்ப்பிலிருந்து வெளியேறத் தேவையான வேகத்துக்கான, சமன்பாட்டைத் தருவித்துவிட்டோம். பூமிக்கு அது நொடிக்கு 11.2 கி.மீ. என்பதும், எறியப்படும் பொருளின் நிறையையோ எறியும் கோணத்தையோ அது சார்ந்ததல்ல என்பதும் தெரியும். கணக்கைப் போட முடிகிறதே தவிர, உண்மையான ராக்கெட்டோடு அதைப் பொருத்திப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்3 ராக்கெட் கிளம்பும் காணொளியைப் பார்த்தால், ஏவுதளக் கோபுரத்தைத் தாண்டுவதற்கே அது சில நொடிகள் எடுத்துக்கொள்கிறது. எஞ்சின் எரிந்துகொண்டே இருந்தால் பேருந்தின் வேகத்தில்கூட மேலே போய்க்கொண்டே இருக்கலாம் அல்லவா? அப்படியானால் 11.2 என்ற எண் எதற்கு? சந்திரயான்-3 அந்த வேகத்தை உண்மையில் எட்டியதா?

இரண்டாவது ஐயம் இதோடு தொடர்புடையது. எல்விஎம்3இன் மேல் அடுக்கில் எரிவது திரவ ஹைட்ரஜன். சூரியனின் நிறையிலும் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான். முன்னது வேதி ஆற்றல், பின்னது அணுக்கரு ஆற்றல் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். சூரியன் வேதிமுறையில் எரியவில்லை என்பதை, அதற்குள் யாரும் போய்ப் பார்க்காமலேயே, எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள்? கணக்கோடு விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

குறுக்குத்துறை

தம்பி, முதல் கேள்விக்கு நான் எழுதுகிறேன். விண்மீன் பகுதியை அத்துறையில் இருப்பவர்கள் யாராவது எழுதட்டும்.

விடுபடு வேகம் என்பது, எஞ்சின் நின்றுபோன பிறகு என்ன நடக்கும் என்பதைச் சொல்லும் எண். உந்துதல் முழுவதும் நின்றுவிட்ட ஒரு பொருள், அந்தக் கணத்தில் தன்னிடம் உள்ள இயக்க ஆற்றலை மட்டும் வைத்துக்கொண்டு பூமியின் பிடியிலிருந்து வெளியேறுமா, அல்லது எங்கோ ஓரிடத்தில் வேகம் இழந்து திரும்புமா என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும் ராக்கெட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே நீங்கள் சொல்வது கோட்பாட்டளவில் சரி: பேருந்து வேகத்திலேயே பூமியை விட்டுப் போகலாம்.

ஆனால் அதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். தரைக்கு அருகில் ஈர்ப்பு ஒவ்வொரு நொடியும் ராக்கெட்டின் வேகத்திலிருந்து 9.8 மீட்டரைப் பறிக்கிறது; அதை ஈடுகட்டவே எஞ்சின் ஓயாமல் எரிய வேண்டும். மாறாத வேகம் v-யில் நேர்மேலே முடிவிலிவரை ஏறினால், இப்படி ஈர்ப்புக்குக் கொடுக்க வேண்டிய மொத்த வேகம் GM/Rv ஆகும் (G ஈர்ப்பு மாறிலி, M பூமியின் நிறை, R அதன் ஆரம்), தொகையிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். v நொடிக்கு 1 கி.மீ. என்று வைத்தால், விடை நொடிக்கு 62.5 கி.மீ. வருகிறது. அதாவது 11.2 தேவைப்படும் இடத்தில், மெதுவாகப் போகிறவர் 60-க்கும் மேலே செலவழிக்கிறார். பேருந்து வேகம் என்றால் அது நொடிக்கு இரண்டாயிரம் கி.மீ.-ஐத் தாண்டிவிடும்.

எட்ட வேண்டிய வேகத்துக்கு எவ்வளவு தொடக்க நிறை வேண்டும் என்று சொல்லும் சியால்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாட்டில் இதைப் போட்டால்தான் அதன் கொடுமை தெரியும். எங்கள் ஊருக்குத் தெற்கே மகேந்திரகிரியில் சோதிக்கப்படும், எல்விஎம்3இன் மேல் அடுக்கில் உள்ள சிஇ-20 கிரையோஜெனிக் (கடுங்குளிர் திரவ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும்) எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகம், வெற்றிடத்தில், நொடிக்குச் சுமார் 4.3 கி.மீ. ஒரு கிலோ சுமையை 11.2 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர, தொடக்க நிறை 13 அல்லது 14 கிலோ போதும். 62.5 கி.மீ. வேண்டுமென்றால் அதே ஒரு கிலோவுக்குத் தொடக்க நிறை ஏறத்தாழ 20 லட்சம் கிலோ ஆகிறது. வேகம் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருப்பதால் வரும் விளைவு இது. அதனால்தான் எந்த ராக்கெட்டும் முடிந்தவரை விரைவாக வேகம் எடுத்து, காற்று மெலிந்ததும் பக்கவாட்டில் சாய்ந்து, சில நிமிடங்களிலேயே வேலையை முடித்துவிடுகிறது. உள்ளே காலித் தொட்டி, எஞ்சின், காற்றின் தடை ஆகியவையும் உண்டு என்பதால் உண்மைக் கணக்கு இன்னும் கடினமானது: எல்விஎம்3இன் தொடக்க நிறை சுமார் 640 டன், அது கொண்டுபோன சந்திரயான்-3இன் நிறை 3.9 டன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கிலோ பொருள் பூமியை விட்டு வெளியேற 6.25 கோடி ஜூல் வேண்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த ஒரு கிலோ உந்துபொருள் எரிந்தால் கிடைப்பதோ சுமார் 1.3 கோடி ஜூல். தன்னைத்தானே தூக்கிக்கொண்டு வெளியேறும் ஆற்றல் அந்த உந்துபொருளுக்கே கிடையாது. அது பயணத்தில் உடன் வராமல் பின்னால் உமிழப்பட்டு, தன் பங்கையும் எஞ்சிய சிறு பகுதிக்குக் கொடுத்துவிடுவதால் மட்டுமே விண்வெளிப் பயணம் நடக்கிறது. இந்த 1.3 கோடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; சூரியனுக்கும் அது பயன்படும்.

சந்திரயான்-3 அந்த வேகத்தை எட்டவில்லை, எட்ட வேண்டியதும் இல்லை. 2023 ஜூலை 14 அன்று ராக்கெட் அதை விட்ட பாதை, அருகே 170 கி.மீ., தொலைவில் சுமார் 36,500 கி.மீ. என்று நீண்ட நீள்வட்டம். அதன் அண்மைப் புள்ளியில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10.3 கி.மீ. வருகிறது. அந்த உயரத்தில் விடுபடு வேகம் 11.03, நிலவின் தூரத்தைத் தொடும் நீள்வட்டத்துக்குத் தேவையானது 10.94. நிலவே பூமியின் ஈர்ப்பில் கட்டுண்டு சுற்றுவதுதான், ஆகவே அங்கே போகப் பூமியிலிருந்து விடுபட வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் வித்தியாசம் நொடிக்கு 100 மீட்டருக்கும் குறைவு என்பதைப் பாருங்கள். அண்மைப் புள்ளியைக் கடக்கும் நேரங்களில் எஞ்சினைச் சிறிது சிறிதாக இயக்கிப் பாதையை நீட்டி, ஆகஸ்ட் 1 அன்று நிலவை நோக்கித் திருப்பினார்கள்.

விண்மீன் நோக்கி

குறுக்குத்துறை ஐயா கொடுத்த எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். சூரியனைப் பற்றிய கேள்விக்கு விடுபடு வேகமே பாதி விடையைக் கொடுத்துவிடும் என்பதால், இரண்டு ஐயங்களையும் ஒன்றாகக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சூரியனின் நிறை 2 × 10³⁰ கிலோகிராம். அது நொடிதோறும் வெளியிடும் ஆற்றல் 3.8 × 10²⁶ ஜூல். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், சூரியனின் ஒவ்வொரு கிலோவும் சராசரியாக 0.0002 வாட்டுக்கும் சற்றுக் குறைவாகத்தான் தருகிறது. ஓய்வில் இருக்கும் மனித உடல் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு வாட் தருகிறது. எடைக்கு எடை பார்த்தால் நாம் சூரியனைப் போல் ஐயாயிரம் மடங்கு ஆற்றலை வெளியிடுகிறோம். எனவே சூரியனின் புதிர் அதன் சூடு அன்று, அது எவ்வளவு காலமாக அணையாமல் இருக்கிறது என்பதுதான். ஆண்டுக் கணக்கில் சொன்னால், கிலோ ஒன்றுக்கு ஆண்டுக்கு 6,000 ஜூல் செலவு. இனி ஒவ்வொரு வகை இருப்பையும் இந்தச் செலவால் வகுத்துப் பார்க்கலாம்.

முதலில் வேதி எரிதல். சூரியன் முழுவதும் கிரையோஜெனிக் உந்துபொருளால் ஆனது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1.3 கோடியை 6,000-ஆல் வகுத்தால் சுமார் 2,200 ஆண்டுகள். நாம் படிக்கும் சங்கப் பாடல்களின் காலத்தில் ஏற்றியது இந்நேரம் அணைந்திருக்கும்.

இரண்டாவது ஈர்ப்பு. 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர்கள் ஹெல்ம்ஹோல்ட்சும் கெல்வினும் இதைத்தான் நம்பினார்கள்: சூரியன் மெல்லச் சுருங்குகிறது, அதன் பொருள் மையத்தை நோக்கி விழும்போது இழக்கும் ஈர்ப்பு நிலை ஆற்றல் வெப்பமாகிறது. அந்த ஆற்றல் எவ்வளவு என்பதை உங்கள் விடுபடு வேகமே சொல்லும். சூரியப் பரப்பில் அது நொடிக்கு 618 கி.மீ. ஒரு கிலோவுக்கு ½v² என்று போட்டால் 1.9 × 10¹¹ ஜூல். அங்கிருந்து வெளியேற எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, தொலைவிலிருந்து அங்கே வந்து விழுந்தபோது அவ்வளவும் கிடைத்திருக்கும். அதை 6,000-ஆல் வகுத்தால் சுமார் 3 கோடி ஆண்டுகள். மையத்தை நோக்கி அடர்த்தி கூடுவதையும், விடுபட்ட ஆற்றலில் பாதி உள்ளேயே தங்கிவிடுவதையும் கணக்கில் சேர்த்தால் இந்த எண் இரண்டு மூன்று மடங்கு முன்பின் ஆகலாம், அதற்குமேல் நகராது. சூரியன் 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஒளிர்ந்திருக்க வாய்ப்பில்லை என்று கெல்வின் 1862இல் எழுதியது இந்த வகைக் கணக்கை வைத்துத்தான். பாறை அடுக்குகளைப் படித்த நிலவியலாளர்களுக்கும், உயிரினங்களின் மாற்றத்துக்கு நெடுங்காலம் கேட்ட டார்வினுக்கும் அது போதவில்லை. பிற்காலத்தில் கதிரியக்க முறையில் அளந்தபோது, விண்கற்களின் வயது சுமார் 457 கோடி ஆண்டுகள் என்று வந்தது. கெல்வினின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அவர் அறிந்திருக்க முடியாத ஓர் ஆற்றல் மூலம் கணக்கில் விடுபட்டிருந்தது.

அந்த மூலத்துக்கான தடயம் 1920இல் கிடைத்தது. ஆஸ்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் அணு நிறைகளை நுட்பமாக அளந்தார். நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறை 4.031 அலகு, ஒரு ஹீலியம் அணுவின் நிறை 4.003 அலகு என்பது இன்றைய மதிப்பு; நான்கு சேர்ந்து ஒன்றானால் 0.7 விழுக்காடு நிறை காணாமல் போகிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கார்டிஃப் நகரில் பேசிய வானியலாளர் எடிங்டன், விண்மீன்கள் வாழ்வது இந்த நிறையில்தான் என்று துணிந்து சொன்னார். ஒரு கிலோ ஹைட்ரஜனில் காணாமல் போகும் 7 கிராமுக்கு mc² போட்டால் 6.3 × 10¹⁴ ஜூல். 6,000-ஆல் வகுக்கப் பத்தாயிரம் கோடி ஆண்டுகள். வெப்பம் போதுமான அளவு உள்ள மையப் பகுதியின் ஹைட்ரஜன் மட்டுமே, அதாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே, பயன்படும் என்பதால் ஆயிரம் கோடி ஆண்டுகள். விண்கற்கள் கேட்கும் காலம் இதற்குள் தாராளமாக அடங்குகிறது.

இங்கே ஒரு தடை இருந்தது. மையத்தின் வெப்பநிலை சுமார் 1.5 கோடி கெல்வின். அந்த வெப்பநிலையில் புரோட்டானின் (ஹைட்ரஜன் அணுக்கருவின்) வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: நொடிக்கு ஏறக்குறைய 610 கி.மீ. வரும். பரப்பில் உள்ள விடுபடு வேகத்துக்கு அது இவ்வளவு நெருக்கமாக இருப்பது தற்செயல் அன்று. தன் சொந்த ஈர்ப்பால் கட்டுண்ட வாயுக் கோளத்தில், துகள்களின் வெப்ப இயக்கமும் ஈர்ப்பும் ஒரே அளவில் இருந்தால்தான் அது சரியாமலும் சிதறாமலும் நிற்கும். வியாழனின் விடுபடு வேகம் 60 கி.மீ. மட்டுமே, ஆற்றலில் சூரியனின் நூறில் ஒரு பங்கு. அதனால்தான் அதுவும் பெரும்பாலும் ஹைட்ரஜன் என்றாலும் விண்மீன் ஆகவில்லை. ஆனால் அந்த 610 கி.மீ. வேகமும், இரண்டு புரோட்டான்களின் மின் விலக்கத்தைத் தாண்டப் போதாது. அதற்குச் சராசரியைப் போல் பல நூறு மடங்கு ஆற்றல் வேண்டும். தடையின் உச்சியை ஏறிக் கடக்காமலேயே மறுபக்கம் போகக் குவாண்டம் இயற்பியலில் சிறு வாய்ப்பு உண்டு என்று 1928இல் இயற்பியலாளர் காமோவ் காட்டினார். மறு ஆண்டே அட்கின்சனும் ஹூட்டர்மான்சும் அதை விண்மீன்களுக்குப் பொருத்தினார்கள். முழு வினைத் தொடரையும் 1938-39இல் பெத்தே வகுத்தார். இணையும் கணத்திலேயே ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறவும் வேண்டும் என்பதால், மையத்தில் ஒரு புரோட்டான் தன் முறைக்காகக் காத்திருக்கும் சராசரிக் காலம் ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகள். கிலோவுக்கு அவ்வளவு குறைந்த வாட் வருவதற்கு இதுவே காரணம்.

இளமாறன்

மிக்க நன்றி ஐயா. ஒரே வகுத்தலை மூன்று முறை செய்து பார்த்ததும் தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு கேள்விகள் மட்டும். இது கணக்கோடு நிற்கிறதா, நேரடிச் சான்றும் உண்டா? அணுக்கரு ஆற்றல் இவ்வளவு பெரிது என்றால், ராக்கெட்டில் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை?

விண்மீன் நோக்கி

நேரடிச் சான்று உண்டு. மையத்தில் பிறந்த ஒளி, மோதி மோதி வெளியே வரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். அதே வினையில் பிறக்கும் நியூட்ரினோ என்ற மின்னூட்டமற்ற நுண்துகள் அநேகமாக எதிலும் சிக்காமல் எட்டு நிமிடங்களில் நம்மை அடைகிறது. உங்கள் நகக்கண் அளவு பரப்பில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்து போகின்றன. ரே டேவிஸ் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 1960களின் இறுதியிலிருந்து அளந்தபோது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுவதே காரணம் என்பதைக் கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001-02இல் உறுதிசெய்தது. இத்தாலியில் மலைக்கு அடியில் இயங்கிய போரெக்சினோ கருவி, இரண்டு புரோட்டான்கள் இணையும் முதல் வினையின் நியூட்ரினோக்களையே பதிவுசெய்து 2014இல் வெளியிட்டது. அவற்றிலிருந்து கணித்த ஆற்றலும் சூரிய ஒளியாக நாம் அளக்கும் ஆற்றலும் ஒத்துப்போகின்றன.

குறுக்குத்துறை

தம்பி, அணுக்கரு இணைவால் இயங்கும் ராக்கெட் எஞ்சின் இன்றுவரை இல்லை. பிளவால் இயங்கியது உண்டு. 1960களில் அமெரிக்கா நெவாடா பாலைவனத்தில் நெர்வா என்ற எஞ்சினைத் தரையில் இயக்கிப் பார்த்தது. யுரேனிய உலையின் வெப்பத்தில் ஹைட்ரஜனை எரிக்காமல் சூடாக்கி மட்டும் வெளியேற்றுவது அதன் முறை. வெளியேறுவது நீராவியைவிட ஒன்பது மடங்கு இலேசான ஹைட்ரஜன் மூலக்கூறு என்பதால், உமிழ்வு வேகம் நொடிக்குச் சுமார் 8 கி.மீ. வரை வந்தது. 11.2-க்கு நான் மேலே போட்ட 13 மடங்கு நிறை, இதில் நான்கு மடங்காகக் குறைகிறது. ஆனால் உலையும் கதிர்வீச்சுக் கவசமும் கனமானவை. எரிபொருள் கம்பிகள் உருகாமல் தாங்கும் வெப்பநிலைக்கு மேல் வாயுவைச் சூடாக்க முடியாது என்பதால், யுரேனியத்தில் எவ்வளவு ஆற்றல் இருந்தாலும் உமிழ்வு வேகம் அதற்குமேல் போகாது. தரையிலிருந்து கிளம்பும்போது விபத்து நேர்ந்தால் விளைவும் பெரிது. 1973இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அந்த எஞ்சின் ஒருமுறைகூடப் பறக்கவில்லை.

பறந்துகொண்டிருப்பது வேறு வகை. 1977இல் கிளம்பிய வாயேஜர்-1, சூரியனின் பிடியிலிருந்தே விடுபடும் வேகத்தை வியாழனின் அருகே கடந்து பெற்றுக்கொண்டது. அதன் கருவிகளுக்கு வேண்டிய மின்சாரம் புளூட்டோனியம்-238இன் சிதைவு வெப்பத்திலிருந்து வருகிறது. அணுக்கரு ஆற்றல் அங்கே உந்துதலுக்கு அல்ல, செய்தி அனுப்புவதற்கும் கருவிகளைச் சூடாக வைத்திருப்பதற்கும் பயன்படுகிறது.