புதுப்பிப்பு: பானெட் படலத்தை உரித்து மறுபடி ஒட்டியாயிற்று

புதுச்சேரியில் காருக்கு ஒட்டிய பெயிண்ட் பாதுகாப்புப் படலத்தில் கொப்புளங்கள் இருக்கின்றன, ஓரங்களும் எழும்புகின்றன என்று போன மாதம் எழுதியிருந்தேன். நீர்க் கொப்புளம் தானே வற்றும் என்றீர்கள். பெரும்பாலும் வற்றியது. மீதியைத் தடவினால் நடுவே மணல்துகள் நெருடியது; அது ஒருநாளும் போகாது.

மறுபடி ஒட்டித் தரக் கடைக்காரர் மறுக்கவில்லை. பானெட் படலத்தைச் சூடுகாட்டி மெல்ல உரித்தார்கள். முன்பு தெருவைப் பார்த்துத் திறந்திருந்த ஷட்டர் இம்முறை மூடியிருந்தது. தூசி எழாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒட்டிப் பிடித்த அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியான க்ளே பாரால் தேய்த்தபோது வெள்ளைப் பெயிண்டிலிருந்து பழுப்பாக அழுக்கு வந்தது. ஓரத்தை விளிம்போடு வெட்டாமல் உட்புறம் மடித்து ஒட்டினார்கள். ஈரமும் தூசியும் நுழைவது அப்படி வெட்டிய விளிம்பில்தான்; கடற்கரை ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

“ஒரு வாரம் கழுவாதீங்க அண்ணே” என்றார் ஒட்டிய தம்பி. இன்று நான்காம் நாள்.