ஹான்டிலைப் பதிச்சதால லாபமோ? பவர் மீற்றர் வைச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமார், குனிஞ்சு ஓடினா காத்துத் தடை குறையும் எண்டு சைக்கிள் ஹான்டிலை 15 மில்லிமீற்றர் கீழ பதிச்சிருக்கிறன். பலன் இருக்கோ எண்டு, மிதிக்கிற பலத்தை வாற்றில காட்டுற பவர் மீற்றரால பாக்க யோசினை.

பண்ணையால வேலணைக்கு ஓடினா றோட்டு மட்டம்தான், ஆனா சோளகக் காத்து விடுதில்லை. அதே 180 வாற்றுக்குப் போகேக்க ஊர்வு, வரேக்க பறப்பு! வீட்டில, நிண்ட இடத்திலயே மிதிக்கிற ட்ரெயினரில சைக்கிளை ஏத்தினா காத்துத் தடையே இல்லை. குனிஞ்சதால கால்பலம் குறையுதோ எண்டதை மட்டும் இதயத்துடிப்போட சேர்த்துப் பாக்கலாம்.

என்ர மீற்றர் இடது கிராங்கில (பெடல் பூட்டுற தண்டில) மட்டும். இடக்காலின்ர கணக்கை இரட்டிப்பாக்கித்தான் காட்டும். அதோட நூற்றுக்கு 2 வீதம் கூடிக்குறையும் எண்டு பெட்டியிலயே போட்டிருக்கு. அதுக்குள்ள வாற வித்தியாசத்தை நம்பலாமோ?

விடியக் காத்தடங்கின நேரத்தில, பழைய உயரம், புது உயரம் எண்டு மாத்தி மாத்தி ஓடிப் பாத்த ஆரும் இருக்கிறியளோ? ஒரு ஓட்டம் எவ்வளவு தூரம் வேணும்?