சந்தோஷமாக இருக்கும்போதுகூட சோகப் பாட்டையே தேடிப் போவது ஏன்?

இரவுவண்டி:
நேற்று ராத்திரி ஒரு பாட்டில் வயலின் மட்டும் தனியாக வரும் இடத்தை ஆறேழு தடவை பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டேன். மொத்தமே இருபது விநாடிதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் கை மயிர் சிலிர்க்கிறது, தொண்டையை ஏதோ அடைக்கிறது. இத்தனைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை, காதல் தோல்வி எல்லாம் கிடையாது, நல்ல செய்தி வந்த நாள் வேறு. தங்கை கதவைத் திறந்து பார்த்துவிட்டு "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

நிஜமாக ஒரு துக்கம் வந்தால் ஓடி ஒளிகிற ஆள் நான். அதையே பாட்டாகக் கொடுத்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். இதற்கு ஏதாவது காரணம் உண்டா, இல்லை எனக்குத்தான் ஏதாவது கோளாறா?

ஏட்டுச்சுரைக்காய்:
கோளாறு எல்லாம் இல்லை தம்பி. சோக நாடகம் பார்க்க ஜனங்கள் ஏன் கூடுகிறார்கள் என்று அரிஸ்டாட்டில் காலத்திலேயே மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இது.

2014-ல் டருஃபி, கெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 772 பேரிடம் இணையத்தில் இதையே கேட்டார்கள். சோகப் பாட்டு கேட்டால் உங்களுக்குள் என்ன வருகிறது என்ற கேள்விக்கு அதிகம் வந்த பதில் சோகம் இல்லை, பழைய நாட்களை நினைத்து வரும் ஏக்கம். இன்னொன்று, இந்தச் சோகத்தால் நிஜ வாழ்க்கையில் எந்தப் பின்விளைவும் கிடையாது என்பதே ஒரு சுகம் என்று தெரிந்தது. எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. நிஜத் துக்கம் என்றால் யாருக்காவது போன் செய்ய வேண்டும், யாருக்காவது பதில் சொல்ல வேண்டும், மறுநாள் எழுந்து அதே துக்கத்தோடு வேலைக்குப் போக வேண்டும். பாட்டில் வரும் துக்கம் நாலரை நிமிஷத்தில் முடிந்துவிடும், நடுவில் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் போகலாம்.

அப்புறம், பாட்டில் சோகம் இருக்கிறது என்று நமக்குப் புரிவது வேறு, நமக்கே சோகம் வருவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இது புதிராகத் தெரிகிறது.

வெண்கலத்தொண்டை:
நான் கொஞ்சம் பாடுவேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மனசு உடைந்து போனவர் பேசுவதைக் கவனியுங்கள். மெதுவாகப் பேசுவார், குரல் தணிந்திருக்கும், பெரிய ஏற்ற இறக்கம் இருக்காது, வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் அப்படியே கீழே இறங்கிவிடும். சோகப் பாட்டு செய்வதும் அச்சு அசல் அதையேதான். வயலினில் விரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும் பாருங்கள், அது கிட்டத்தட்ட ஒரு மனிதக் குரல். உங்களுக்குத் தொண்டை அடைத்தது அதனால்கூட இருக்கலாம்.

நம்பிக்கை இல்லை என்றால் அதே பாட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு வார்த்தை மாறியிருக்காது, சோகம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

இன்னொரு விஷயம், பாடுகிறவர் நிஜமாக அழுதுவிட்டால் பாட்டு போச்சு. தொண்டை இறுகும், சுருதி விலகும், மூச்சு நிலைக்காது. எனக்கு ஒரு தடவை மேடையிலேயே நடந்திருக்கிறது, சரணத்தின் இரண்டாவது வரியில் சத்தமே வரவில்லை, கேட்டவர்கள் உருகவில்லை, சங்கடத்தில் நெளிந்தார்கள். அழுகைக்குத் தாளம் கிடையாது, பாட்டுக்கு உண்டு. அந்த ஒழுங்குக்குள் வருவதால்தான் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடிகிறது என்பது என் கணக்கு.

புளியங்கொம்பு:
இவ்வளவு சுற்ற வேண்டுமா? ப்ரோலாக்டின் என்று ஒரு ஹார்மோன், துக்கத்தில் ஆறுதலுக்காகச் சுரப்பது. பாட்டு மூளையை ஏமாற்றி அதைச் சுரக்க வைக்கிறது, நிஜத் துக்கம் இல்லாததால் ஆறுதல் மட்டும் மிச்சம். முடிந்தது கதை.

ஏட்டுச்சுரைக்காய்:
முடியவில்லை ஐயா. அது 2011-ல் டேவிட் ஹியூரன் என்ற இசை ஆய்வாளர் முன்வைத்த ஊகம், கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021-ல் வந்த ஒரு ஆய்வில் முன்பின் கேட்டிராத சோக இசையைப் போட்டு ஹார்மோனை அளந்து பார்த்தபோது, பிறர் துக்கத்துக்குச் சட்டென்று இளகுகிறவர்கள் இசையில் உருகிய நேரத்தில் ப்ரோலாக்டின் கூடவில்லை, குறைந்திருந்தது.

அதற்கு முன்பே 2017-ல் வேறொரு ஆய்வு, சோக இசையில் கிடைக்கும் இன்பம் சோகத்திலிருந்து நேராக வருவதில்லை, மனம் நெகிழ்வதன் வழியாகத்தான் வருகிறது என்று சொன்னது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் "உருக்கமான பாட்டு" என்று எப்போதும் சொல்வதுதானே? உருகுவதும் அழுவதும் ஒன்றில்லை. பக்தியிலும் உருகுகிறோம், குழந்தை முதல் தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் உருகுகிறோம். அழுகைக்குத் தொல்காப்பியம் இளிவு (அவமானம்), இழவு (இழப்பு), அசைவு (இருந்த நிலை கெடுவது), வறுமை என்று நாலு காரணம் சொல்கிறது, இரவுவண்டியிடம் இந்த நாலில் ஒன்றுகூட இல்லை. அவர் செய்தது உருக்கம்.

கடைசிபெஞ்சு:
எல்லாரும் இதைச் சுகமாகவே பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் உப்பைப் போடுகிறேன். ஒரு பிரிவுக்குப் பிறகு நாலு மாசம் ஒரே பன்னிரண்டு பாட்டைச் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். முதல் இரண்டு வாரம் நிஜமாகவே ஆறுதல், யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல. அப்புறம் பாட்டு போட்டதும் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை, நான் திருப்பிச் சொல்லாமல் விட்டது, எல்லாம் வரிசையாக வர ஆரம்பித்தது. பாட்டு காதில் விழவே இல்லை, புண்ணைக் கிளற ஒரு குச்சி ஆகிவிட்டது. நடந்ததையே மனசுக்குள் அசைபோடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. பாட்டு முடிந்த பிறகு எழுந்து ஒரு வேலையைப் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். என்னால் முடியாமல் போனபோதுதான் உறைத்தது.

இரவுவண்டி:
எல்லாருக்கும் நன்றி. பாட்டு முடிந்ததும் எழுந்து போய் துணி மடித்து வைத்தேன், அதனால் பரவாயில்லை என்று நினைக்கிறேன் கடைசிபெஞ்சு.

வெண்கலத்தொண்டை, உங்கள் பேச்சைக் கேட்டு ஒன்றரை மடங்கு வேகத்தில் போட்டேன். வயலின் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது மாதிரி இருந்தது, தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது சரியான வேகத்தில் போட்டாலும் அந்த இடம் வந்தால் பஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வேறு பாட்டு தேட வேண்டும்.