லாரியில் எஸ்பிஎன் 4364 கோளாறு கோட் திரும்பத் திரும்ப வருகிறது: வண்டியை மாற்றினால் எந்த பிராண்ட் எடுக்கலாம்?

லோடுக்காரன்:
அமெரிக்காவில் சொந்த செமி (ட்ரெய்லர் இழுக்கும் பெரிய லாரி) ஓட்டுகிறேன், 2018 மாடல். எந்தக் கம்பெனி என்று சொல்ல விரும்பவில்லை. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. கோட் எஸ்பிஎன் 4364, எஃப்எம்ஐ 18. எஸ்சிஆர் (புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பு) நாக்ஸை, அதாவது புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை, குறைப்பது போதவில்லை என்று அர்த்தமாம். ஒர்க்‌ஷாப்பில் அவுட்லெட் (புகை வெளியேறும் பக்க) நாக்ஸ் சென்சாரை மாற்றினார்கள், அப்புறம் டெஃப் (எஸ்சிஆருக்கான யூரியா கரைசல்) தெளிக்கும் டோசரை மாற்றினார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும், மறுபடி அதே கோட். போன தடவை இந்தக் கோட்டால் வேகம் மணிக்கு 5 மைலுக்கு இறங்கி, சாலையோர ஷோல்டரில் ஊர்ந்துகொண்டே வெளியேற வேண்டியதாகிவிட்டது. பின்னால் வருகிற வண்டிகளைக் கண்ணாடியில் பார்க்கவே பயமாக இருந்தது.

செலவு கையைக் கடிக்கிறது. விற்றுவிட்டு பழைய ஃப்ரைட்லைனர் காஸ்கேடியா, கென்வொர்த் டி680, வால்வோ விஎன்எல் இவற்றில் ஒன்று எடுக்கலாமா? எதை நம்பலாம்?

நெடுவழி:
கமின்ஸ் எக்ஸ்15 போட்ட டி680 பாருங்கள். அந்த எஞ்சின் பல பிராண்டில் வருவதால் எங்கே நின்றாலும் கை வைக்க ஆள் கிடைப்பார்.

பழைய ஸ்டியரிங்:
தம்பி, விற்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி இதைப் பார்த்துவிடு. கோட் சொல்வது விளைவை மட்டும்தான். எந்த பாகம் கெட்டது என்று அது சொல்லாது. முதலில் டேங்கில் இருக்கும் டெஃபை ரிஃப்ராக்டோமீட்டரில் (கரைசலின் செறிவை அளக்கும் கருவி) ஒரு சொட்டு விட்டுப் பார். யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். அடுத்து, கம்ப்யூட்டரை மாட்டி டோசிங்கை நிறுத்திவிட்டு எஞ்சினைச் சூடாக ஓட்டச் சொல். டெஃப் போகாதபோது இன்லெட், அவுட்லெட் சென்சார் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டணும். காட்டினால் சென்சாரில் குற்றமில்லை.

அதற்குப் பிறகு டோசரைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார். சுண்ணாம்பு போல வெள்ளையாகக் கட்டியிருந்தால் அதுதான் கோளாறு. புகை போதிய சூடில்லாமல் போகும்போது யூரியா ஆவியாகாமல் படிந்துவிடும். டோசரை மட்டும் மாற்றி, குழாயை அப்படியே விட்டால் கோட் திரும்பி வரத்தான் செய்யும். கிளாம்ப், கேஸ்கட் பக்கம் கரி படிந்திருக்கிறதா என்றும் பார், அங்கே புகை கசியலாம்.

யாராவது இந்தப் புகைச் சுத்திகரிப்பு எல்லாவற்றையும் டிலீட் செய்துவிடலாம், அதாவது எடுத்துவிடலாம் என்பார்கள். கேட்காதே, க்ளீன் ஏர் ஆக்ட்படி அது சட்டவிரோதம்.

மைல்கல்:
பிராண்ட் விஷயத்துக்கு வருகிறேன். பானட்டில் இருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் எஞ்சினைக் கேளுங்கள். கென்வொர்த், பீட்டர்பில்ட் இரண்டும் பேக்கார் கம்பெனிதான். டி680 ஒன்றே எம்எக்ஸ்-13 எஞ்சினோடும் வரும், எக்ஸ்15 எஞ்சினோடும் வரும். காஸ்கேடியாவில் பெரும்பாலும் டெட்ராய்ட் டிடி15 இருக்கும். வால்வோ விஎன்எல்லில் டி13, அதன் அண்ணன் தம்பிதான் மேக் லாரிகளில் வரும் எம்பி8 எஞ்சின்.

2010 புகை விதிக்குப் பிறகு எஸ்சிஆர் இல்லாமல் யாராலும் ஓட்ட முடியவில்லை. இன்டர்நேஷனல் வண்டி செய்த நாவிஸ்டார் மட்டும் மேக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சினில் இஜிஆரை (புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் முறை) வைத்தே சமாளிக்கப் பார்த்து, 2012-ல் எஸ்சிஆருக்கு மாறியது. அந்தக் காலத்து மேக்ஸ்ஃபோர்ஸ் மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். மற்றபடி எதை வாங்கினாலும் இதே சென்சார், இதே டோசர், இதே தொல்லைதான். எனக்குக் கேட்டால் டிடி15 போட்ட காஸ்கேடியா. டீலர்கள் நிறைய இருப்பதால் ரோட்டில் நின்றால் அதிகம் காத்திருக்க வேண்டாம்.

லோடுக்காரன்:
ஸ்டியரிங் அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தோம். டெஃப் சரியாக இருந்தது, சென்சார் இரண்டும் ஒத்துப்போயின. குழாய்க்குள் பாதி அடைத்து வெள்ளைக் கட்டி! லோடு ஏற்றும் டாக்கில் காத்திருக்கும்போதெல்லாம் ஹீட்டருக்காக எஞ்சினை ஐடிலில்தான் (நின்ற இடத்திலேயே ஓடும்படி) விட்டிருப்பேன், புகை சூடாகாமல் போனது அதனால்தான். சுத்தம் செய்து மாட்டியாயிற்று, எஸ்சிஆர் டெஸ்ட் பாஸ். ஆனாலும் வண்டி மாற்றுகிற எண்ணம் இருக்கிறது. பழைய வண்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய ஸ்டியரிங்:
சந்தோஷம் தம்பி. வாங்கப்போகிற வண்டியின் ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) ரிப்போர்ட்டைக் கேள். ஐடில் சதவீதம், ரீஜென் (ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது) எத்தனை தடவை நடந்தது, பழைய கோட் எல்லாம் அதில் வரும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சாம்பல் எடுத்த பில், ஆயில் டெஸ்ட் இரண்டையும் வாங்கிப் பார். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அதே துளையின் மேல் தலைகீழாக வை. துள்ளி விழுந்தால் அந்த வண்டி வேண்டாம். கூலன்ட் குறைந்து வெளியில் கசிவு தெரியவில்லை என்றால் இஜிஆர் கூலரைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதே. அதுவரை இந்த வண்டிக்கு படுக்கைப் பகுதியைச் சூடாக்க டீசலில் தனியாக எரியும் ஒரு ஹீட்டர் மாட்டிவிடு, ராத்திரியில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்கலாம்.