நேபாளச் சரக்குப் போக்குவரத்து தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கடல் இல்லாத நாடுகளின் வணிகச் சிக்கல் பற்றிக் கல்லூரிக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன், நேபாளத்தை எடுத்துக்கொண்டேன். கொல்கத்தாவில் இறங்கும் கன்டெய்னர் சுமார் 700 கிலோமீட்டர் ரயிலில் போய், பீகார் எல்லையில் உள்ள ரக்சௌல் தாண்டி, நேபாளத்தின் பீர்கஞ்ச் உலர் துறைமுகத்துக்கு (கடலோரம் இல்லாத உள்நாட்டுச் சரக்கு முனையம்) சேர வேண்டும். நடுவில் எங்கே தாமதமானாலும் டிமரேஜ் (துறைமுகத்தில் சரக்கு தேங்குவதற்கான கட்டணம்), டிடென்ஷன் (கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணம்) எல்லாம் கடைசியில் காட்மாண்டு வியாபாரி தலையில்தான். 1989லும் 2015லும் எல்லை முடங்கியபோது எரிபொருளுக்கே திண்டாட்டம். சரி, இதெல்லாம் படித்துத் தெரிந்தது.

கொல்கத்தா, ஹால்தியா, விசாகப்பட்டினம் பக்கம் கிளியரிங் ஏஜென்சியில் (சுங்க வேலைகளை முடித்துச் சரக்கை விடுவிக்கும் நிறுவனம்) வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்: நேபாளச் சரக்குக்கு என்னென்ன காகிதம் கேட்பார்கள், காலி கன்டெய்னரைத் திருப்பி அனுப்பும் செலவு யார் கணக்கில் விழும், அப்புறம் விசாகப்பட்டினம் வழி உண்மையிலேயே லாபமா? புள்ளிவிவரம் இருக்கிறது, அனுபவம்தான் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் பெரிய உதவி.