டவுன்ஸ் என்றால் மேடா பள்ளமா? தமிழில் என்ன எழுதலாம்?

நண்பர்களே, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தெற்கு இங்கிலாந்தில் நடைப்பயணம் போன ஒருவரின் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், அதில் அடிக்கடி 'டவுன்ஸ் (downs) மேல் ஏறினோம்' என்று வருகிறது. முதலில் ஏதோ பள்ளத்தாக்கு என்று நினைத்து 'தாழ்நிலம்' என்று பத்துப் பக்கம் எழுதியும் விட்டேன், அப்புறம்தான் தெரிந்தது, சவுத் டவுன்ஸ் என்பது சுண்ணக்கல் குன்றுத் தொடர், அதில் டிட்ச்லிங் பீக்கன் 248 மீட்டர் உயரம்!

தோண்டிப் பார்த்தால் கதை இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் குன்று. 'குன்றிலிருந்து' என்று சொல்லச் சொல்ல, அதுவே தேய்ந்து 'கீழே' என்று பொருள் தரும் டவுன் ஆகிவிட்டதாம். ஸ்விண்டன் ஊர்ப்பெயரின் வாலில் இருப்பதும் அதே குன்றுதான், பன்றிக்குன்று. ஆனால் வட அயர்லாந்தின் கவுண்டி டவுன் வேறு கதை, அது கோட்டையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்.

என் சிக்கல் இதுதான். 'குன்று' என்றால் நம் கண்ணில் பாறை வந்து நிற்கிறது. அங்கே பாறை வெளியே தெரியாது, ஆடு மேய்ந்து மேய்ந்து குட்டையான புல், மண்ணைக் கீறினால் வெள்ளைச் சுண்ணம். 'புல்மேடு' சின்னதாகப் படுகிறது. மேய்ச்சல் மேட்டுக்கு உங்கள் ஊரில் புழங்கும் சொல் ஏதாவது உண்டா? இல்லை டவுன்ஸ் என்றே விட்டுவிடலாமா? நகரம் என்று படித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.