ஒரே கையில் நாலு இரட்சிப்பு வளையல்: கம்போடியா ஊழியப் பயணத்தில் கண்டவை

ஞாயிறுபள்ளி அக்கா

கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்குப் போய் வந்தவர்களுக்கு இடத்தை விளக்க வேண்டியதில்லை. தகரக் கூரை போட்ட பிள்ளைகள் இல்லம், மணல் முற்றம், வேன் நின்றதும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள். மூன்றாம் நாள் கைவினை நேரம். எல்லா வி.பி.எஸ்.ஸிலும் (விடுமுறை வேதாகமப் பள்ளி) செய்கிற அதே வளையல்தான்: இரட்சிப்பை நிறம் நிறமாகச் சொல்ல கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள் என்று ஐந்து மணி, 25 செ.மீ. மெழுகு நூல். 60 பிள்ளைக்கு 300 மணி, சிந்தினால் எடுக்க இன்னொரு 50.

ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. கட்டிவிட கையை நீட்டச் சொன்னதும் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினாள். அங்கே ஏற்கெனவே மூன்று வளையல். மூன்றும் இதே ஐந்து நிறம். ஒன்றில் பச்சை மணி உடைந்து பாதிதான் இருந்தது. அடியில் இருந்ததன் நூல் கறுத்து, தோலில் தடம் பதிந்திருந்தது. விளக்கம் சொல்ல வாயெடுக்கும் முன்பே கறுப்பைத் தொட்டு "ஸின்" (பாவம்), சிவப்பைத் தொட்டு "பிளட்" (இரத்தம்) என்று ஐந்தையும் அவளே ஒப்பித்தாள். முடித்ததும் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "டுமாரோ?"

மறுநாள் காலை குழு சிங்கப்பூர் திரும்புகிறது. அவளிடம் அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நாலாவது வளையலும் கட்டியாயிற்று. மாதங்கள் ஆகியும் அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது தங்கியிருந்தால் எழுதுங்கள்.


மணல்வடிகட்டி

இது இல்லம் அல்ல, தொன்லே சாப் ஏரிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி. முந்தைய ஆண்டு வந்த குழு, குடிநீரை மணலில் வடிக்கும் பயோசாண்ட் வடிகட்டி பன்னிரண்டு வைத்துக் கொடுத்திருந்தது. கான்கிரீட் பெட்டி, நீலப் பெயின்ட், மேலே வசனம். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பிள்ளைகள் அதில் குடிப்பதில்லை, சாக்கட்டி வைக்கத்தான் பயன்பட்டது.

காரணம் ஒரே ஒரு பொருள். தண்ணீர் வெளிவரும் குழாய் முனையில் யாரோ நல்லெண்ணத்தில் திருகு குழாய் பொருத்தியிருந்தார்கள். பன்னிரண்டிலும். தண்ணீர் வீணாகாது, பார்க்கவும் நன்றாக இருக்கும் என்று. அந்த முனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். திறந்திருந்தால்தான் ஊற்றிய நீர் வடிந்து முடிந்த பிறகு மணலுக்கு மேல் சுமார் 5 செ.மீ. நீர் நிற்கும். அந்த மெல்லிய நீர் வழியாகத்தான் காற்று இறங்கி, மணலின் மேல்பரப்பில் வளரும் உயிர்ப்படலம் பிழைக்கிறது. கிருமியைப் பெரிதும் ஒழிப்பது அந்தப் படலம். குழாயை மூடினால் நீர் மேலே ஏறி நின்றுவிடும், காற்று எட்டாது, படலம் செத்து நாறும்.

மற்ற அளவுகள் தெரியாதவர்களுக்கு: அடியில் 6 முதல் 12 மி.மீ. சரளை 5 செ.மீ., அதன் மேல் 0.7 முதல் 6 மி.மீ. பொடிச் சரளை 5 செ.மீ., அதற்கு மேல் 0.7 மி.மீ.க்குக் குறைவான மணல் 54 செ.மீ. அளவில். ஆற்று மணல் வேண்டாம், கல்குவாரியில் உடைத்த மணல் எடுங்கள். ஆற்று மணலில் சாணமும் இலைச் சத்தும் கலந்திருக்கும். மணலை எத்தனை முறை கழுவுவது என்று எண்ணிக்கை சொல்ல முடியாது. கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் மணலும் தெளிந்த நீரும் போட்டுக் குலுக்கி, மூன்று நான்கு விநாடியில் மணல் மேல்பரப்பு மங்கலாகத் தெரிந்தால் சரி. தெரியவே இல்லையென்றால் இன்னும் கழுவ வேண்டும். பளிச்சென்று தெரிந்தால் அதிகம் கழுவி நுண்மணலை இழந்துவிட்டீர்கள்.

முழுதாக நிரப்பியதும் ஒரு லிட்டர் வர இரண்டரை நிமிடமாவது ஆக வேண்டும். அதைவிட வேகமாக வந்தால் மணல் பருமன் கூடிவிட்டது. படலம் வளர 30 நாள் வரை பிடிக்கும். நம் பயணமோ எட்டு நாள்! வைத்த அன்றே எல்லோரும் ஒரு டம்ளர் குடித்துப் படம் எடுப்பதை நிறுத்துங்கள். அந்த முதல் மாதம் வடித்த நீரைக் கொதிக்கவைத்தோ குளோரின் போட்டோதான் குடிக்க வேண்டும். வடிகட்டிக்குள் குளோரின் ஊற்றக் கூடாது, படலம் போய்விடும். குழாய் வேண்டுமென்றால் வடித்த நீரைச் சேர்க்கும் மூடிய கலத்தில் பொருத்துங்கள். அதன் இடம் அங்கேதான்.


காந்தால் போனவன்

மேலே எழுதியவர் சொன்ன அளவெல்லாம் சரி. ஆனால் ஏரி நீரா, குழாய்க் கிணற்று நீரா என்று ஒரு வரி கூட இல்லையே. காந்தால், ப்ரே வெங் மாதிரி மேக்கோங் கரையோர மாகாணங்களில் பல குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறது. பயோசாண்ட் வடிகட்டி அதை எடுக்காது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் ஆவியாகி ஆர்செனிக் செறிவு கூடத்தான் செய்யும். கண்ணுக்குப் பளிங்குபோல் இருக்கிற நீர்தான் அங்கே அதிகம் பயப்பட வேண்டிய நீர்.

ஒரு பாட்டியின் உள்ளங்கை இன்னும் கண்ணில் நிற்கிறது. சோளமணி பதித்ததுபோல் கடினமான முடிச்சுகள், ஆர்செனிக் நஞ்சின் அடையாளம். வயல் வேலையில் காய்த்துப்போன கை என்று நினைத்துக் குழுவில் ஒருவர் களிம்பு தடவிவிட்டார். பக்கத்தில் பேத்தி அதே கிணற்று நீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

கிணறு தோண்ட காணிக்கை எடுப்பதற்கு முன் அந்த இடத்தில் சோதித்தார்களா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், 2004-ல் கம்போடியா வகுத்த அளவு 50. சோதனைப் பெட்டி உண்டா என்று உள்ளூர் நீர்த்துறை ஆட்களிடம் கேளுங்கள். ஆர்செனிக் வந்தால் மழைநீர்தான் வழி. அங்கே வீட்டுக்கு வீடு பெரிய சிமென்ட் ஜாடி இருக்கிறது, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். கூரையிலிருந்து வரும் முதல் மழையை வெளியே விட்டு, வாய்க்கு வலை கட்டி மூடினால் டெங்கு கொசுவும் முட்டை இடாது.


மருந்து அலமாரி

பூச்சி மாத்திரை கொடுக்கிற குழுக்கள் இதை மட்டுமாவது படியுங்கள்.

நிழலில் ஒரு மேசை, வரிசையில் நூற்றுக்கு மேல் பிள்ளைகள், அல்பென்டசோல் 400 மி.கி. இரண்டு வயதுப் பையன் அழுகிறான். தாய் பிடித்துக்கொள்ள, தொண்டர் ஒருவர் மூக்கைப் பொத்தி முழு மாத்திரையை உள்ளே தள்ளினார். பையன் அழுகை சட்டென்று நின்றது. அந்த அமைதிதான் மறக்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. வரிசையில் நின்ற ஒரு பாட்டி குழந்தையைப் பறித்து, தலைகீழாகத் தொடைமேல் போட்டு முதுகில் அறைந்தார். மாத்திரை தெறித்து விழுந்தது. அவர் யாரையும் திட்டவில்லை, குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வரிசைக்கே திரும்பிவிட்டார்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே பொடித்து, நீரில் குழைத்துக் கொடுக்க வேண்டும். அழுகிற குழந்தைக்கு வலுக்கட்டாயம் கூடவே கூடாது, அடங்கட்டும். ஒரு வயது முடிந்து இரண்டுக்குள் இருந்தால் பாதி, அதாவது 200 மி.கி. ஒரு வயதுக்குக் கீழே இல்லை. இதற்கும் மேலே ஒரு விஷயம்: கம்போடியப் பள்ளிகளில் அரசே பூச்சி மாத்திரை கொடுக்கிறது. போன வாரம் பள்ளியில் விழுங்கிய பிள்ளை இந்த வாரம் உங்கள் மேசையிலும் நிற்கும். சுகாதார மையத்தில் கேட்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

மருந்து சேகரிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும். சபையார் வீட்டு அலமாரியில் மிஞ்சிய பாதி அட்டைகள் வேண்டாம். பாராசிட்டமால் சிரப் எடுத்தால் ஒரே பலத்தில் எடுங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. இருப்பதும் 250 மி.கி. இருப்பதும் ஒரே பெட்டியில் கலந்தால், "ஒரு கரண்டி" என்ற சொல்லில் அளவு இரட்டிப்பாகிவிடும். ஓ.ஆர்.எஸ். (பேதிக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் ஒரு லிட்டருக்கானது என்றால் ஒரு லிட்டர் பாட்டிலையே காட்டிக் கலக்கிக் காட்டுங்கள். டம்ளரில் கலந்தால் உப்பு மிஞ்சி குழந்தைக்கு இன்னும் கேடு. பேதிக்கு அதோடு துத்தநாகம், ஆறு மாத வயதுக்கு மேல் என்றால் தினம் 20 மி.கி., 10 முதல் 14 நாள். பேதி நின்றதும் தாய் நிறுத்திவிடுவார், மொழிபெயர்ப்பாளரை வைத்து இதை இரண்டு தடவை சொல்லச் செய்யுங்கள். பால்பவுடர் டின் கொண்டுபோகவே போகாதீர்கள். டின் தீரும்போது தாய்ப்பாலும் வற்றியிருக்கும், கலக்குகிற நீரோ மேலே இரண்டு பேர் எழுதிய நீர்.


திரும்பிப் பார்

எல்லோரும் தண்ணீர், மருந்து என்று போய்விட்டீர்கள். அக்கா கேட்டது அந்தக் கையைப் பற்றி.

கம்போடிய அரசு 2015-ல் எடுத்த கணக்கில் 406 இல்லங்கள், 16,579 பிள்ளைகள். இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார். வறுமை, பள்ளிச் செலவு, "அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார்கள்" என்ற நம்பிக்கை, இவைதான் பிள்ளையை அங்கே கொண்டுவந்து விடுகின்றன. நாம் போய்ப் பார்த்து, உருகி, காணிக்கை அனுப்ப அனுப்ப இன்னும் கட்டில்கள் போடப்படுகின்றன. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அந்த விவாதத்தில் எடுத்தது. 2010-ல் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, சபைக் குழுவாகப் போன பத்து அமெரிக்கர்கள் 33 பிள்ளைகளை எல்லை தாண்டிக் கூட்டிப்போகும்போது பிடிபட்டார்கள். விசாரித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

முன்பின் தெரியாதவர் இடுப்பைக் கட்டிக்கொள்வதைப் பாசம் என்று சாட்சி சொல்கிறோம். வீட்டில் வளர்கிற அந்த வயதுப் பிள்ளை புதியவரைக் கண்டால் தாயின் பின்னால்தான் ஒளியும். நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

யாக்கோபு 1:27-ஐ எல்லா ஆயத்தக் கூட்டத்திலும் வாசிக்கிறோம். அந்த வசனத்தில் திக்கற்ற பிள்ளைகளோடு விதவைகளும் இருக்கிறார்கள். தாயை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் விசாரிக்கச் சொல்லவில்லை.


போதகர் வீட்டுப் பிள்ளை

திரும்பிப் பார் பிரதர், நீங்கள் சொல்வது உண்மை, ஆனாலும் பாதி. இதைப் படித்துவிட்டு ஒரு சபை இந்த மாதமே பணத்தை நிறுத்தினால் அடுத்த மாதம் அந்தப் பிள்ளைகளுக்கு அரிசி இல்லை. ஒரு இல்லம் அப்படி மூடியதைப் பார்த்தது உண்டு. டுக்டுக்கில் ஏற்றி, பிளாஸ்டிக் பையில் இரண்டு உடை, கிராமத்து முனையில் இறக்கிவிட்டார்கள். பையன் தன் வீடு எது என்று அடையாளம் காணவில்லை. தாய் கதவில் நின்று, இது தன் மகன்தானா என்று பெயரைக் கேட்டார். அவருக்கு அவன் நான்கு வயதில் போனவன்.

சரியாகச் செய்கிறவர்கள் பிள்ளைக்குப் பிள்ளை தனிக் கோப்பு வைப்பார்கள். முதலில் சமூகப் பணியாளர் குடும்பத்தைத் தேடிப் போய், ஏன் விட்டார்கள், இப்போது என்ன நிலை, வீட்டில் அடி உதை உண்டா என்று விசாரிப்பார். பிறகு தொலைபேசி, பிறகு ஒரு பகல், பிறகு கம்போடியர்களின் க்மேர் புத்தாண்டு மாதிரி விடுமுறைக்கு இரண்டு மூன்று நாள். பள்ளி மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் வீட்டோடு. அதற்கப்புறமும் மாதா மாதம் போய்ப் பார்க்க வேண்டும். வீடு பாதுகாப்பில்லை என்றால் சித்தி, பாட்டி, வளர்ப்புக் குடும்பம். இதற்கெல்லாம் சம்பளம் வாங்கும் க்மேர் பணியாளர் வேண்டும், நம் விமானச் சீட்டு வேண்டாம்.

ஆகவே சபை கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இல்லத்துக்கு அரசுப் பதிவு உண்டா? எத்தனை பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள்? போன வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை குழுக்கள் வந்தன? கடைசிக் கேள்விக்குப் பெருமையோடு நீண்ட பட்டியல் வந்தால் அங்கே போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் பணியாளர்களிடம் போங்கள்: தச்சு, கணக்கு, முதலுதவிப் பயிற்சி, கழிவறை கட்டுவது. பிள்ளைகளோடு தனியே ஒருவர் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்கட்டும். அடிபம்பில் குளிக்கிற பிள்ளையைப் படம் எடுத்து ஜெபக் குறிப்போடு வாட்ஸ்அப்பில் போடுகிறார்களே, அதை உங்கள் பிள்ளைக்கு ஒருவர் செய்தால் விடுவீர்களா?


ஞாயிறுபள்ளி அக்கா

இல்லத்துக்கு அந்த நாலு கேள்வியையும் எழுதி அனுப்பியாயிற்று. இரண்டுக்குத்தான் பதில் வந்தது. பிள்ளைகள் 43, தாயோ தகப்பனோ இருப்பவர்கள் 36, வீடு திரும்பியவர்கள் ஒருவரும் இல்லை. அந்தச் சிறுமியின் தாய் நெல் வயலில் கூலி வேலை பார்க்கிறாராம், மோட்டார் சைக்கிளில் இரண்டு மணி நேரத் தூரம்.

ஜூன் பயணத்துக்கு எடுத்த பணத்தை ஒரு க்மேர் சமூகப் பணியாளரின் சம்பளத்துக்குத் திருப்பலாமா என்று ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மூப்பர்களிடம் பேச்சு. மேலே எழுதியவர்களில் யாரிடமாவது அப்படிப்பட்ட பணியாளருக்கான ஒப்பந்த மாதிரி, மாத அறிக்கை மாதிரி இருந்தால் சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள். மீதி இருக்கிற மணிகள் டப்பாவோடு என்னிடம்தான் இருக்கின்றன, யாருக்கும் கொடுத்துவிடாதபடி வைத்திருக்கிறேன்.